ஜெனரலின் வாழ்க்கை, மூன்று அளவுகளில்

உங்கள் இருவருக்கும் நான் விட்டுப்போகும் அலுவலகக் குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. கடவுச்சொற்கள், எந்தக் கொடி எந்த அலுமாரியில், நகரசபையின் தொலைபேசி இலக்கம், ஒன்றும் விடவில்லை. நான்கு தரம் சரிபார்த்தேன். இது மற்றக் குறிப்பு. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், இந்தக் கட்டடத்தில் உங்களைத் தவிர வேறு யாராலும் இதை வாசிக்க ஏலாது.

நான் ஓய்வுபெறும் வயதில் இல்லை. முப்பத்தொரு வயதில் அனுபவம் சொல்ல வெளிக்கிடுவது எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கணவருக்கு டுசல்டோர்ஃபில் வேலை கிடைத்துவிட்டது, இரண்டாவது பிள்ளையும் வரப்போகிறது, நான் இந்தக் கதிரையை விட்டு எழும்புகிறேன். நீங்கள் இருவரும் ஆவுஸ்பில்டுங் முடித்த கையோடு வருகிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கடிதம் எழுதவும் மொழிபெயர்க்கவும் மூன்று வருடத் தொழிற்பயிற்சி, அதற்கு ஒரு சான்றிதழ், பதினான்கு மாதப் பெண்குழந்தை. என் கையில் இருந்தது அவ்வளவுதான்.

ஜெர்மனியில் ஓர் அமெரிக்க இராணுவ முகாமில் வேலை என்றால் ஊரில் எல்லோரும் துவக்கைத்தான் நினைப்பார்கள். நம்முடைய மரபு ஒழுங்குப் பிரிவில் துவக்கே இல்லை. யார் எந்தக் கதிரையில் இருப்பது, யாருடைய பெயரை முதலில் சொல்வது, எந்தக் கொடி வலப்பக்கம் நிற்பது, இவைதான் வேலை. இங்கே செய்யும் பிழையால் ஒருவரும் சாகமாட்டார்கள். ஆனால் அதைப் படம் பிடிப்பார்கள்.

பொறுப்பாளரை உங்களுக்குத் தெரியும். நேர்முகத்தேர்வில் ஒரு கேள்வியும் கேட்காமல் தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாரே, அந்த ஜெர்மன் பெண்மணி. நான் சேர்ந்தபோது எனக்கு ஆறு மாதத் தகுதிகாண் காலம். அது முடியும்போது அவர் கையெழுத்து வைத்தால் நிரந்தரம். வைக்காவிட்டால் வீடு.

வீடு என்றால் சும்மா வீடு அல்ல. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை எடுக்கும் பராமரிப்பு நிலையம் இந்த ஊரில் அப்போது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தாய் வேலை செய்கிறாள் என்று கடிதம் கொடுத்தால் பிள்ளைக்கு இடம். வேலை போனால் மாத முடிவில் இடமும் போகும். இடம் போனால் பிள்ளையை நான் பார்க்க வேண்டும், வேலை தேட ஏலாது. வேலை இல்லாவிட்டால் இடம் இல்லை. நான் இதை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். வட்டம்தான் வந்தது.

முதல் நாள் என் கையில் தரப்பட்டது முகாமின் தலைமை ஜெனரலுடைய வாழ்க்கை. அது மூன்று அளவுகளில் இருந்தது. ஒலிவாங்கியில் அறிமுகம் செய்கிறவருக்குச் சிறியது, மூன்று வசனம். பத்திரிகைக்கு நடுத்தரம், அரைப் பக்கம். விழா மலருக்கு நீளமானது, ஒரு முழுப் பக்கம். சிறிய வாழ்க்கையில் அவர் பிறக்கவே இல்லை, நேரே இராணுவத்தில் சேருகிறார். நடுத்தர வாழ்க்கையில் தெற்கு மாநிலம் ஒன்றின் சின்ன ஊரில் பிறக்கிறார். நீளமானதில் மட்டும், கடைசி வரியில், அவருக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். தாய் தகப்பன் ஒன்றிலும் இல்லை.

லெப்டினன்ட், கொரியா, கப்டன், இராணுவக் கல்லூரி, வாஷிங்டன், பொஸ்னியா, ஈராக், இரண்டு நட்சத்திரம். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட உத்தியோகத்தில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. என்னுடைய வாழ்க்கைக் குறிப்பில் யாழ்ப்பாணத்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் பதினொரு மாத இடைவெளி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்காத ஜெர்மன் அதிகாரியை நான் இன்னும் காணவில்லை. மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஜெனரலின் நீள வாழ்க்கையைச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கினேன். பொஸ்னியாவுக்கு வரும்போது அவள் வாயைத் திறப்பாள்.

முதல் பிழை இரண்டாவது மாதத்தில் வந்தது. அந்த வருடம் எங்கள் முகாமின் ஆட்களில் பாதிப்பேர் ஈராக்கில் இருந்தார்கள். இறந்தவர்களுக்கு முகாமின் சிற்றாலயத்தில் நினைவு வழிபாடு நடக்கும். கதிரை ஒழுங்கு எங்கள் பொறுப்பு. ஒரு நாள் அதை என்னிடம் தந்தார்கள். இறந்த சிப்பாய்க்கு இருபது வயது. தாயும் தகப்பனும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேருடைய பெயரட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மகனை இழந்த தாய் தகப்பனை வேறு எப்படி வைப்பது?

தாய் வந்து தன் கதிரையையும் பக்கத்துக் கதிரையின் பெயரையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். அவர்கள் பிரிந்து பத்து வருடமாம், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம். இதைப் பிறகுதான் அறிந்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, ஒரு பெண் நிற்கிறார், ஆலயம் முழுவதும் அவரைப் பார்க்கிறது என்பது மட்டும். ஜெனரலின் கதிரை நடைபாதைக்கு அந்தப் பக்கம். அவர் எழும்பி வந்து, தகப்பனின் அட்டையை ஒரு கதிரை தள்ளி வைத்துவிட்டு, தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் தானே இருந்துகொண்டார். வழிபாடு முடியும்வரை அங்கேதான் இருந்தார். நான் வரைந்த ஒழுங்கில் அப்படி ஓர் இடமே இல்லை.

வெளியே வரும்போது என்னிடம் சொன்னார், அடுத்த தரம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிடுங்கள் என்று. வேறு ஒன்றும் சொல்லவில்லை. பொறுப்பாளர் அதுவும் சொல்லவில்லை. என் கோப்பை எடுத்து ஒரு வரி எழுதினார். பிறகு, இதுபோல் இன்னொன்று நடந்தால் தகுதிகாண் கடிதத்தில் கையெழுத்து வைப்பது தனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றார். கோபமில்லை. பின்னேரம் மழை வரலாம் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

தெரியாததைக் கேட்பது சுலபம், தங்கச்சியள். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பதைக் கேட்பதுதான் கஷ்டம். இதை நான் அன்றே ஒரு துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். மூன்று மாதம் கழித்து, அந்தத் துண்டுக்கு மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் இரண்டாவது பிழையைச் செய்தேன்.

ஜெனரல் ஓய்வுபெற்று ஊருக்குப் போக இருந்தார். நகரசபை அவருக்குப் பிரியாவிடை வைத்தது. ஜெர்மன் நகரங்களில் தங்கப் புத்தகம் என்று ஒன்று உண்டு. தங்கம் வெளி அட்டையின் ஓரத்தில் மட்டும்தான். ஊருக்கு வரும் பெரிய மனிதர்கள், ஊர் நன்றி சொல்ல விரும்பும் மனிதர்கள் அதில் கையெழுத்து வைப்பார்கள். ஒருவருக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் அவருடைய பதவி, பெயர், ஊர் சொல்லும் நன்றி, எல்லாவற்றையும் பழைய ஜெர்மன் எழுத்தில் ஒரு பெண் முன்கூட்டியே கையால் எழுதி வைத்திருப்பார். விழாவில் விருந்தினர் அதற்குக் கீழே கையெழுத்து வைப்பார். தைத்துக் கட்டிய புத்தகம், பக்கங்களுக்கு இலக்கம் இருக்கிறது. ஒரு தாளைக் கிழிக்க ஏலாது.

விழாவுக்கு மூன்று கிழமைக்கு முன் நகரசபை அதிகாரி தொலைபேசியில் வந்தார். ஜெனரலின் பெயருக்குப் பின்னால் 'ஜூனியர்' என்று இருந்தது. அது பட்டமா, பெயரா என்று கேட்டார். அவருடைய படிவத்தில் பட்டம், முதற்பெயர், குடும்பப்பெயர் என்று மூன்று கட்டங்கள்தான். ஜூனியர் ஒன்றுக்குள்ளும் போகவில்லை. எழுதுகிற பெண்ணும் வரி நீண்டுவிட்டது என்கிறாராம்.

ஜூனியர் என்றால் தகப்பனுக்கும் அதே பெயர் என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் பிழை.

என் பெயர்க் கதை உங்களுடையதைப் போலத்தான் இருக்கும். ஊரில் என் பெயருக்கு முன்னால் ஐயாவின் பெயர். ஜெர்மனிக்கு வந்த இடத்தில் ஓர் அதிகாரி ஐயாவின் பெயரையே எங்கள் எல்லோருக்கும் குடும்பப்பெயராக எழுதினார். கலியாணம் முடித்தபின் கணவரின் குடும்பப்பெயர் வந்தது. அதுவும் அதே மாதிரி அவருடைய தகப்பன், என் மாமாவின் பெயர்தான். ஆகவே அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்கும் ஒவ்வொரு தரமும் நான் சொல்வது யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர் ஒருவரின் பெயர். அவரை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன்.

எங்களில் தகப்பன் பெயரைச் சுமக்காத ஆள் யார்? அதை அறிவிக்கத் தனியாக ஒரு சொல் எதற்கு என்று எனக்குப் பட்டது. தேவையில்லை, விட்டுவிடலாம் என்று சொன்னேன். அதிகாரிக்குச் சந்தோஷம். என் பெயர், திகதி, நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டார். ஒரு ஜெர்மன் அதிகாரி சந்தோஷமாக எதையாவது குறித்துக்கொண்டால் நீங்கள் பயப்பட வேண்டும். எனக்கு அப்போது அது தெரியாது. நான் பதவியைச் சரிபார்த்தேன், பொஸ்னியாவைச் சரிபார்த்தேன், மனைவியின் பெயரைச் சரிபார்த்தேன். ஜூனியரைப் பற்றி யாரையும் கேட்கவில்லை.

விழா ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. என் தகுதிகாண் காலம் முடிவது அடுத்த நாள், வெள்ளிக்கிழமை. புதன்கிழமை காலை ஜெனரலின் மனைவி ஒரு பெட்டி நிறையப் பழைய படங்கள் கொண்டுவந்தார், மண்டபத்தில் வைப்பதற்கு. அவர் பக்கத்தில் இருக்க, நான் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். ஒரு படத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட சமையற்காரர் ஒருவர், கையில் பெரிய அகப்பையோடு, எங்கள் முகாமின் வாசலில் நின்றார். அதே இரண்டு கல்தூண்கள், பின்னால் அதே மணிக்கூடு. படத்தின் பின்பக்கத்தில் ஜெனரலின் முழுப்பெயர் இருந்தது.

ஜெனரல் எப்போது சமையல் செய்தார் என்று கேட்டேன். நீள வாழ்க்கையில் சமையல் இல்லையே என்றும் சொன்னேன். மனைவி முதலில் சிரித்தார். பிறகு படத்தைக் கண்டதும் நிறுத்தினார்.

அது ஜெனரலின் தகப்பன். இந்த முகாமிலேயே சமையலறைச் சார்ஜன்டாக இருந்தவர். ஜெனரலுக்கு அப்போது ஒன்பது வயது, முகாமின் பள்ளிக்கூடத்தில்தான் படித்தார். ஒரு நாள் தகப்பன் ஒரு லெப்டினன்டை அகப்பையால் அடித்துவிட்டார். ஏன் அடித்தார் என்பதற்குக் குடும்பத்தில் இரண்டு கதைகள் இருக்கின்றனவாம். இரண்டு கதைகளிலும் அகப்பை பெரியது. சார்ஜன்ட் பட்டிகளைக் கழற்றி, கடைநிலைச் சிப்பாயாக்கி, அடுத்த மாதமே குடும்பத்தோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மனிதர் இராணுவத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகன் கப்டனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். பல வருடம் கழித்து மகன் அதே முகாமுக்குத் தலைவராக வந்தார், யாருக்கும் இதைச் சொல்லவில்லை.

படம் தவறுதலாகப் பெட்டிக்குள் வந்துவிட்டது என்று மனைவி அதைத் தன் கைப்பைக்குள் வைத்தார். நான் அதைக் காணவில்லை என்றே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். நான் ஓம் என்றேன்.

அவர் போய்க் கதவு சாத்துப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தகப்பனுக்கும் மகனுக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு சொல்தான். அதைத்தான் நான் எடுத்துவிட்டேன். நகரத்தின் தங்கப் புத்தகத்தில், பெரிய எழுத்தில், மேஜர் ஜெனரல் என்ற பதவிக்குப் பின்னால் நின்றது சமையற்காரரின் பெயர். இதே ஊரில் பட்டி கழற்றப்பட்ட மனிதரை நான் ஒரு தொலைபேசி அழைப்பில் மேஜர் ஜெனரலாக்கியிருந்தேன். அதற்குக் கீழே நாளைக்கு அவருடைய மகன் கையெழுத்து வைக்க வேண்டும், அதுவும் முந்நூறு பேருக்கு முன்னால். எவ்வளவோ வருடமாக அவர் வாய் திறந்து சொல்லாத பெயரை நான் அவர் முகத்துக்கு முன்னால் விரித்து வைக்கப் போகிறேன்.

நகரசபைக்கு அழைப்பு எடுத்தேன். பக்கம் எழுதி முடிந்துவிட்டதாம். எழுதிய பெண் மயோர்காத் தீவுக்கு விடுமுறையில் போய்விட்டாராம், மாத முடிவில்தான் வருவாராம். வேறு யாரும் அந்தப் புத்தகத்தில் கைவைக்கக் கூடாதாம். அதிகாரி என்னை ஆறுதல்படுத்த விரும்பி, தேவையில்லை என்று நான் சொன்ன திகதியையும் நேரத்தையும் வாசித்துக் காட்டினார்.

பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது பராமரிப்பு நிலையத்தின் தலைவி, அடுத்த மாதத்துக்கான வேலைக் கடிதம் இன்னும் வரவில்லை என்றார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றேன். சாப்பாட்டு மேசையில் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போது ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டே படித்துக்கொண்டிருந்தார். மகள் பட்டாணியை ஒவ்வொன்றாக நிலத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஜெர்மன்காரனுக்கு இது விளங்காது. அமெரிக்கன் பார்க்க மாட்டான். பிறகு நீர் ஏன் கிடந்து சாகிறீர்?"

"பார்ப்பார். அவர் எல்லாத்தையும் பார்க்கிற ஆள்."

"பார்த்தால் பார்க்கட்டும். அவர் போறவர், நீர் இருக்கிறவ. வெள்ளிக்கிழமை கையெழுத்து விழட்டும். சனிக்கிழமையிலயிருந்து எவ்வளவு உண்மை வேணுமோ அவ்வளவும் சொல்லும்."

"மாமாவின்ர பெயரை ஆரும் பிழையா எழுதினா நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"ஒவ்வொரு நாளும்தான் எழுதுறாங்கள். நான் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வாறன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. வட்டம் வரைந்த தாள் குளிரூட்டியில் ஒட்டியிருந்தது, அவரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பால் எடுத்தார். அவர் சொன்னது சரியா பிழையா என்று இன்றைக்கும் நான் யோசிப்பேன். அந்த ஜெனரல் வேறு ஒருவராக இருந்திருந்தால் சரியாகவும் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பொறுப்பாளரிடம் போனேன். படத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஜூனியரை விட்டுவிட்டேன், தகப்பனுக்கும் அதே பெயர், ஆகவே புத்தகத்தில் இருப்பது தகப்பன் பெயர் என்று மட்டும் சொன்னேன். அவர் தயிரைச் சாப்பிட்டு முடித்தார். கரண்டியைத் துடைத்தார். சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அவர் எந்த நாளைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"மேடையில் ஜெனரலுக்குப் புதிதாக ஒன்றும் இருக்கக்கூடாது," என்றார். "பிழை இருக்கலாம். புதிது இருக்கக்கூடாது."

பிறகு, யார் சொல்வது என்று கேட்டார். தான் சொன்னால் நகரசபையில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று சொல்லி ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவாராம். நான் சொன்னால் அது என் தவறு. இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். அது அன்பா, பரீட்சையா என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

நான் சொல்கிறேன் என்றேன். இதைத் துணிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நகரசபை அதிகாரியிடம் என் பெயர் திகதி நேரத்தோடு இருந்தது. அதோடு, அந்தச் சமையற்காரர் பழியைப் போதுமான அளவு சம்பாதித்துவிட்டார், இன்னொரு பொய்யையும் அவர் பெயரில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

ஒன்பதரைக்கு எனக்கு ஏழு நிமிடம் கொடுத்தார்கள். என் பிழையையும் நான் மூன்று அளவுகளில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். சிறியதில் பிழை மட்டும். நடுத்தரத்தில் மன்னிப்பும் சேரும். நீளமானதில் யாழ்ப்பாணத்துப் பெயர் முறை முழுவதும் வரும். ஜெனரல் மூக்குக் கண்ணாடியோடு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். சிறியதைச் சொன்னேன்.

அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார், இது மூன்று கிழமைக்கு முன் நடந்தது, இன்றைக்கு ஏன் வந்து சொல்கிறீர்கள் என்று.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். திரும்பச் சரிபார்த்தபோது கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். என்னைத் தெரிந்த ஒருவரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள், எதையும் நான் திரும்பச் சரிபார்க்கிறவள்தான். மறுபக்கம், அவருடைய மனைவிக்கு நான் ஓம் என்று சொல்லியிருந்தேன். பொய் சொல்லாமலும் வாக்கை மீறாமலும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடினேன். அதற்குள் ஏழு நிமிடத்தில் ஒரு நிமிடம் போயிருக்கும்.

"காணவில்லை என்று இருக்கச் சொன்ன ஒன்றைக் கண்டுவிட்டேன், சேர்," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளைத் தொப்பியா?"

"ஓம்."

உதவி அதிகாரி கதவைத் தட்டினார். ஜெனரல் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை, தட்டியவர் இரண்டாம் தரம் தட்டவில்லை. ஜூனியர் தேவையில்லை என்று எனக்கு ஏன் பட்டது என்று ஜெனரல் கேட்டார். வேறு வழியில்லாமல் நீளமானது வெளியே வந்தது. ஐயா, குடியேற்ற அதிகாரி, கலியாணம், நிலைய அதிபர், எல்லாம். மாமா ஜெர்மனிக்கு வந்திருக்கிறாரா என்று கேட்டார். இல்லை, வருகிற யோசனையும் இல்லை என்றேன். ஆனால் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் எல்லாம் அவர் பெயரில்தான் வருகிறது, மின்சாரக் கட்டணம்கூட.

அவர் யன்னலைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே சாப்பாட்டு மண்டபத்தின் பின்பக்கம் தெரியும். உங்களுக்கும் தெரியும், அங்கே குப்பைத்தொட்டிகள் தவிர ஒன்றும் இல்லை.

"என் தகப்பனுடைய பெயர் இந்த ஊரில் ஒரேயொரு தாளில் இருக்கிறது," என்றார். "இங்கே வந்த முதல் கிழமை அதை எடுப்பித்து வாசித்தேன். குற்றப்பத்திரம்."

எதைச் சொன்னாலும் அது பிழையான அளவாக இருந்திருக்கும்.

"அந்தப் பக்கத்தில் கைவைக்க வேண்டாம்," என்றார். பிறகு, தன்னுடைய வாழ்க்கையின் எந்த அளவை நகரபிதா வாசிக்கப் போகிறார் என்று கேட்டார். நடுத்தரம் என்றேன். நல்லது, மண்டபத்தில் வெக்கையாக இருக்கும் என்றார். ஏழு நிமிடம் முடிந்தது. அவர் கோபமா இல்லையா என்று வெளியே வந்தபிறகும் எனக்குத் தெரியவில்லை. பொறுப்பாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடிகளைக் காரில் ஏற்றச் சொன்னார்.

மண்டபத்தில் வெக்கைதான். நகரபிதா கழுத்துச் சங்கிலியோடு நடுத்தர வாழ்க்கையை வாசித்தார். புத்தகத்தைத் திறந்து வைத்தார்கள். ஜெனரல் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். இவ்வளவு நேரம் ஒருவர் பேனாவோடு நின்றால் மண்டபம் இருமத் தொடங்கும், தொடங்கியது. நகரபிதா நல்ல மனிதர். பழைய ஜெர்மன் எழுத்து அமெரிக்கருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து, உதவி செய்வதற்காகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உரத்த குரலில் வாசித்துக் காட்டினார். பதவி, பெயர், இந்த நகரம் இவருக்கு நன்றியோடு கடமைப்பட்டிருக்கிறது. முந்நூறு பேரும் கை தட்டினார்கள்.

ஜெனரலின் கையெழுத்தை நான் நூற்றுக்கணக்கான தாள்களில் கண்டிருக்கிறேன். அது ஒரு கோடு, நடுவில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். அன்றைக்கு அவர் குனிந்து பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். தன் பெயர் முழுவதையும் எழுதி, ஒரு காற்புள்ளி வைத்து, ஜூனியர் என்று எழுதினார். மேலே பெரிய எழுத்தில் தகப்பன். கீழே மகன்.

எனக்குப் பக்கத்தில் நின்ற நகரசபை அதிகாரி காதுக்குள், அப்படியென்றால் அது தேவைதானே என்றார். ஜெனரலின் மனைவி முன்வரிசையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நான் கொடிகளைப் பார்த்தேன். அவை சரியான பக்கத்தில்தான் நின்றன.

வெள்ளிக்கிழமை காலை பொறுப்பாளர் என் கோப்பைத் திறந்தார். எதிர்ப்பக்கம் இருந்துகொண்டு தலைகீழாக வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள், இந்த வேலைக்கு உதவும். சிற்றாலயத்தைப் பற்றிய வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: தவறு விழாவுக்கு முன் அறிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே கையெழுத்து. எனக்கு வேலைக் கடிதத்தைத் தந்துவிட்டு, பிள்ளையின் நிலையம் நான்கு மணிக்குப் பூட்டுமே, நேரத்தோடு போங்கள் என்றார். பிள்ளை இருப்பது அவருக்குத் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஐந்து கிழமை கழித்து நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதுகிற பெண் மயோர்காவிலிருந்து வந்துவிட்டார். வரியின் முடிவில் கொஞ்சம் இடம் இருக்கிறதாம், சின்ன எழுத்தில் ஜூனியரைச் சேர்க்கலாமாம். தலைப்பில் உள்ள பெயரும் கையெழுத்தும் பொருந்தவில்லை என்று ஆவணக்காப்பகம் குறை சொல்லியிருக்கிறது. சேர்க்கவா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இல்லை என்றால் காரணம் எழுத ஒரு வரி.

ஜெனரல் ஊருக்குப் போய்விட்டார். பொறுப்பாளர் விடுமுறையில். கைவைக்க வேண்டாம் என்று ஜெனரல் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை, அந்த அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இருக்கவில்லை. அன்று முழுவதும் அந்தப் படிவம் என் மேசையில் கிடந்தது. பேரப்பிள்ளைகள் ஒருநாள் வந்து பார்த்து, யாரோ பிழை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால்? அவர் அன்றைக்கு ஏதோ மனநிலையில் சொல்லிவிட்டு இன்றைக்கு வேறு மாதிரி நினைத்தால்? அமெரிக்காவுக்கு அழைப்பு எடுத்துக் கேட்கலாமா என்று இலக்கத்தைக்கூட எடுத்து வைத்தேன். பிறகு யோசித்தேன், அந்த மனிதர் அதை ஒரு தரம் சொல்வதற்கு எத்தனை வருடம் எடுத்தது என்று. இன்னொரு தரம் சொல்லவைக்க எனக்கு வேலை ஒழுங்கு இடம் கொடுக்கும், மனம் இடம் கொடுக்கவில்லை.

இல்லை என்ற கட்டத்தில் அடையாளம் வைத்துக் காரணத்தையும் எழுதி அனுப்பினேன். பிரதி மூன்றாம் இழுப்பறையில் பச்சை உறையில் இருக்கிறது. நகரசபையில் அதிகாரி மாறும்போதெல்லாம் அந்தக் கடிதம் திரும்ப வரும். என் காலத்தில் இரண்டு தரம் வந்தது, உங்கள் காலத்திலும் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் கேளுங்கள், எத்தனை தரமென்றாலும் கேளுங்கள். இதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டாம். காரணத்துக்கு ஒரு வரிதான் விட்டிருப்பார்கள். பெயர் சரி என்று எழுதுங்கள்.